ஸ்டுட்கார்ட்டுக்குக் குடும்பத்தோடு வருகிறோம்: முதல் மூன்று மாதம் எப்படி இருக்கும்?

பொன்மலைக்காரி, திருச்சி

வணக்கம். என் கணவர் ஐந்து மாதமாக ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கிறார், ப்ளூ கார்டு, அதாவது படித்தவர்களுக்கான வேலை அனுமதி. எனக்கும் நாலு வயது மகளுக்கும் போன வாரம் விசா வந்துவிட்டது. செப்டம்பர் கடைசியில் கிளம்புகிறோம். விசாவுக்கு என்னென்ன தாள் வேண்டும், விமானத்தில் எத்தனை கிலோ என்பதெல்லாம் இங்கே நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்குத் தெரிய வேண்டியது வேறு. அங்கே ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை எப்படிப் போகும்? குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் யாரிடம் போவது? பக்கத்து வீட்டில் போய்ப் பேசலாமா, கூடாதா?

அவரிடம் கேட்டால் "வந்து பார், பழகிவிடும்" என்கிறார். நேற்று, பார்த்து வைத்திருக்கும் வீட்டில் சமையலறை கிடையாது என்றார். அறை இருக்கிறதாம், அடுப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி, அலமாரி எதுவும் இல்லையாம். அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. ஏழு வருடம் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தேன். அந்த ஊரின் நடைமுறை தெரியாமல் போய் நிற்பதுதான் எனக்குப் பயம்.

கொங்குத்தமிழ், போப்லிங்கன்

வாங்க சகோதரி. சமையலறைக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இங்கே வாடகை வீடு என்றால் பல இடங்களில் வெறும் சுவர்தான். போகிறவர் தன் சமையலறையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுவார். விளக்குகூட இருக்காது, மேலிருந்து ஒயர் தொங்கும். முன்பு இருந்தவர் விட்டுப்போகத் தயாராக இருந்தால் விலை பேசி வாங்கிக்கொள்ளலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம். சாவி வாங்கும் முன்பே அதைக் கேட்கச் சொல்லுங்கள். முன்பணம் மூன்று மாத 'குளிர் வாடகை'யைத் தாண்டக் கூடாது என்பது சட்டம், அதையும் மூன்று தவணையாகக் கட்டலாம். குளிர் வாடகை என்பது வெறும் இடத்துக்கு. வீட்டைச் சூடாக்குவது, தண்ணீர், குப்பை எல்லாம் சேர்ந்தது 'சூட்டு வாடகை'. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது பெரும்பாலும் முதலாவதுதான்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது அஞ்சல் பெட்டி பற்றி. இங்கே பெரும்பாலான அடுக்குமாடிகளில் வீட்டுக்கு வீடு கதவு எண் கிடையாது. முகவரியில் தெருவும் கட்டட எண்ணும் மட்டும் இருக்கும், தபால்காரர் பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் போடுவார். பெயர் இல்லையென்றால் கடிதம் வந்த வழியே திரும்பிவிடும். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாம் இன்னும் தாளில், தபாலில்தான் வருகின்றன. என் மனைவி வந்தபோது அவர் பெயரை ஒட்ட மறந்துவிட்டேன். வெளிநாட்டவர் அலுவலகம் அவருக்கு நேரம் ஒதுக்கி அனுப்பிய கடிதம் எங்கள் கைக்கு வராமலே போனது. அடுத்த நேரம் கிடைக்கப் பத்து வாரம். அதற்குள் அவர் விசா முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டதால், தங்கையின் வளைகாப்புக்கு ஊருக்குப் போக முடியவில்லை. அது என் தப்பு, இன்றும் மனதில் உறுத்துகிறது. வந்த முதல் நாளே மூன்று பேர் பெயரையும், குழந்தை பெயர் உட்பட, பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே ஒட்டிவிடுங்கள்.

அப்புறம் அன்மெல்டுங், அதாவது முகவரிப் பதிவு. குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் செய்ய வேண்டும். வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிக்கடிதம் இல்லாமல் நடக்காது. நீங்கள் அங்கே பெட்டி கட்டும்போதே உங்கள் கணவர் இங்கே இணையத்தில் நேரம் பிடித்து வைக்கட்டும்.

குமரிச்செவிலி, எஸ்லிங்கன்

காய்ச்சல் கேள்விக்கு நான் சொல்கிறேன், இங்கே ஒன்பது வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். வந்தவுடன், குழந்தை நன்றாக இருக்கும்போதே, வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குழந்தை மருத்துவரிடம் பதிந்து வையுங்கள். பலரும் புதிய பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. நாலைந்து இடம் அலைய வேண்டிவரும், காய்ச்சல் நேரத்தில் அலைய முடியாது. இரவிலும் வார இறுதியிலும் 116117 என்ற எண். உயிருக்கு ஆபத்து என்றால் 112.

நம் ஊர்த் தாய்மார் எல்லோருக்கும் முதல் தடவை ஒரே அதிர்ச்சிதான். 39 டிகிரி காய்ச்சலோடு தூக்கிக்கொண்டு ஓடினால் மருத்துவர் நிதானமாகப் பார்த்துவிட்டு, நிறையத் தண்ணீர் கொடுங்கள், ஓய்வெடுக்கட்டும், மூன்று நாளில் குறையாவிட்டால் வாருங்கள் என்று அனுப்பிவிடுவார். ஊசி கிடையாது, ஆன்டிபயாட்டிக் எளிதில் எழுதமாட்டார். அவர் அலட்சியமாக இருக்கிறார் என்று நினைக்காதீர்கள். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாட்டிக் உதவாது என்பதை இங்கே கறாராகக் கடைப்பிடிக்கிறார்கள். ஆனால் குழந்தை சோர்ந்து கிடந்தால், சிறுநீர் போகாவிட்டால், மூச்சு வாங்கினால் கூச்சப்படாமல் அழுத்திச் சொல்லுங்கள். அந்த மூன்று வாக்கியத்தை மட்டும் ஜெர்மனில் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசி அட்டையைக் கைப்பையில் வையுங்கள், பெட்டியில் போட வேண்டாம். 2020 மார்ச்சிலிருந்து, தட்டம்மை ஊசி போட்ட சான்று இல்லாமல் கீட்டாவில், அதாவது மழலையர் காப்பகத்தில், சேர்க்கமாட்டார்கள்.

இன்னொன்று. மருத்துவரின் காத்திருப்பு அறைக்குள் நுழையும்போது, உள்ளே இருப்பவர் யாரென்று தெரியாவிட்டாலும் பொதுவாக ஒரு வணக்கம் சொல்வார்கள். ஸ்டுட்கார்ட் பக்கம் 'க்ரூஸ் காட்' என்று கேட்கும். சொல்லிப் பாருங்கள், எல்லோரும் பதில் சொல்வார்கள்.

கெம்னிட்ஸ் மாணவன்

அக்கா, சனிக்கிழமையே சாமான் வாங்கிவிடுங்கள். ஞாயிறு கடை கிடையாது. பெரிய ரயில் நிலையத்துக்குள் இருக்கும் கடைகளும் காலையில் சில பேக்கரிகளும்தான் திறந்திருக்கும். ஜெர்மனியின் 1919 வைமார் அரசியல் சட்டத்தில் ஞாயிறு ஓய்வு நாள் என்று எழுதிய வரியை அப்படியே இன்றைய அரசியல் சட்டமான அடிப்படைச் சட்டத்திலும் வைத்திருக்கிறார்கள். அன்றைக்குச் சத்தம் கூடாது என்பதால் கண்ணாடி பாட்டில்களைத் தொட்டியில் போடக்கூடாது, சுவரில் துளை போடக்கூடாது. தண்ணீர் பாட்டிலை நசுக்கிப் போட்டுவிடாதீர்கள், ஒவ்வொன்றிலும் 25 சென்ட் வைப்புத்தொகை இருக்கிறது. கடையில் இருக்கும் எந்திரத்தில் போட்டால் சீட்டு வரும், பில்லில் கழித்துக்கொள்வார்கள்.

வடமராட்சியான், ஹம்

தங்கச்சி, நான் இந்த நாட்டுக்கு வந்தது 1985இல். இலங்கையிலிருந்து வந்த எங்கட ஆட்கள் பலரைப் போலக் கிழக்கு பெர்லினை ஒட்டிய ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து ரயிலில் மேற்கு பெர்லினுக்கு வந்தவன். உங்களுடைய வரவும் எங்களுடைய வரவும் ஒன்றல்ல. எங்களுக்கு வேலை செய்ய அனுமதி இல்லை, ஒதுக்கிய மாவட்டத்தை விட்டு வெளியே போகவும் அனுமதி இல்லை. ஓர் அறையில் ஆறு பேர். கடையில் கிடைத்தது பாலில் போட்டுக் களி மாதிரிக் கிண்டும் உருண்டை அரிசி. அதைத்தான் சோறாக்கிச் சாப்பிட்டோம். வீட்டிலிருந்து தபாலில் வந்த மிளகாய்த்தூளை ஆறாகப் பங்குபோட்டது இன்னும் நினைவிருக்கிறது.

இதைப் பயமுறுத்த எழுதவில்லை. இப்போது ஸ்டுட்கார்ட்டில் தமிழ்க் கடைகள் இருக்கின்றன. இடியப்ப மாவிலிருந்து முருங்கைக்காய் வரை வாங்கலாம். பிள்ளை தமிழ் மறக்காமல் இருக்க வார இறுதியில் தமிழாலய வகுப்பு நடக்கிறது, கேட்டுப் பாருங்கள். எங்கள் ஊர் காமாட்சி அம்மன் கோயிலுக்கு 2002இல் கும்பாபிஷேகம் நடந்தது. கோடையில் தேர் இழுக்கும் நாளில் பல்லாயிரம் சனம் வரும். தூரம்தான், ஆனாலும் ஒருமுறை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

சாமான் கட்டும்போது ஒன்று கவனியுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவர முடியாது. நெய், பால்கோவா, பால் இனிப்பு எல்லாம் இதில் அடங்கும், சுங்கத்தில் பிடித்தால் எறிந்துவிடுவார்கள். கறிவேப்பிலைக்கும் தாவரச் சான்றிதழ் கேட்பார்கள். கருவாட்டுக்குத் தடை இல்லை, வடிவாகச் சுற்றிக் கட்டுங்கள்.

பொன்மலைக்காரி, திருச்சி

எல்லோருக்கும் நன்றி. அம்மா பால்கோவா வாங்கி வைத்திருந்தார், இன்றைக்கே தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டோம்.

அஞ்சல் பெட்டி விஷயத்தில் ஒரு சந்தேகம். எங்கள் மூன்று பேருக்கும் மூன்று குடும்பப் பெயர். அவருக்கு அவர் அப்பா பெயர், எனக்கு என் அப்பா பெயர், மகளுக்கு என் கணவர் பெயர். நம் ஊரில் இது யாருக்கும் விசித்திரமில்லை. அங்கே இவள் என் மகள்தான் என்று நம்புவார்களா?

கொங்குத்தமிழ், போப்லிங்கன்

நம்புவார்கள், தாள் இருந்தால். குழந்தையின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் இருவர் பெயரும் இருக்கிறதல்லவா, அதையும் திருமணச் சான்றிதழையும் நீதிமன்றத்தில் உறுதிமொழி எடுத்த மொழிபெயர்ப்பாளரிடம் ஜெர்மனில் மாற்றி நாலைந்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். தமிழிலிருந்து நேரடியாக மாற்றுகிறவர்கள் குறைவு, ஆங்கிலமும் சேர்ந்த சான்றிதழ் என்றால் எளிது. மகளோடு தனியாக விமானம் ஏறும்போது கணவரின் சம்மதக் கடிதமும் கையில் இருக்கட்டும்.

பெயர் பற்றிச் சொன்னதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். என் பாஸ்போர்ட்டிலும் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர்தான். நான் வந்த அடுத்த வருடம் அப்பா இறந்துவிட்டார். இங்கே அலுவலகம், மருத்துவர், வங்கி எல்லாரும் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கும்போது அப்பா பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள், நான் எழுந்து போவேன். முதல் சில மாதம் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடைத்தது. இப்போது அந்தக் குரலுக்காகக் காத்திருக்கிறேன்.

நெக்கார்க்கரை, பாட் கான்ஸ்டாட்

நான் ஆறு வருடத்துக்கு முன் உங்களைப் போலவே கணவருக்குப் பின்னால் மதுரையிலிருந்து வந்தவள். அண்ணன்மார் அலுவலகமும் தாளும் சொல்லிவிட்டார்கள். பகல் முழுக்க வீட்டில் இருப்பவள் சந்திப்பது வேறு, அதைச் சொல்கிறேன்.

முதலில் கதவு. இங்கே வீட்டுக் கதவுக்கு வெளிப்புறம் திருகும் கைப்பிடி இருக்காது, அசையாத குமிழ்தான். சாத்திக்கொண்டால் சாவி இல்லாமல் திறக்காது. வந்த மூன்றாவது வாரம், பார்சல்காரர் மணி அடித்தார் என்று நாலு படி இறங்கினேன். காற்றில் கதவு சாத்திக்கொண்டது. உள்ளே இரண்டு வயது மகன், அடுப்பில் பருப்பு. காலில் செருப்பு இல்லை, கையில் போன் இல்லை. மாடி மாடியாக மணி அடித்தேன், எனக்கு ஜெர்மன் வராது. மேல் மாடியில் ஒரு வயதான அம்மா கதவைத் திறந்தார். குழந்தை என்றேன், தீ என்றேன், கையைக் காட்டினேன். அவர் உடனே 112ஐ அழைத்தார். தீயணைப்பு வண்டி பத்து நிமிடத்துக்குள் வந்து கதவைத் திறந்தது. பருப்பு கருகியிருந்தது, மகன் சமையலறைத் தரையில் கரண்டியை வைத்து விளையாடிக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து ஒரு சாவி அந்த அம்மா வீட்டில் இருக்கிறது, அவர் சாவி ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. நீங்களும் முதல் வாரமே ஒரு வீட்டில் சாவி கொடுத்து வையுங்கள். ஹாஃப்ட்ஃப்லிக்ட் என்கிற பொறுப்புக் காப்பீட்டையும் எடுத்துவிடுங்கள். கட்டணம் குறைவு. பொதுச் சாவியைத் தொலைத்துவிட்டால் கட்டடம் முழுக்கப் பூட்டு மாற்றும் செலவு நம் தலையில் விழலாம், அதனால் சாவி இழப்பும் அதில் சேருமா என்று கேட்டு எடுங்கள்.

அடுத்து கேர்வோகே. ஸ்டுட்கார்ட் பக்கம் பழைய வழக்கம் இது. முறை வைத்து ஒரு வாரம் ஒரு வீட்டார் பொதுப் படிக்கட்டு, வாசல், குப்பைத் தொட்டி இடம் எல்லாவற்றையும் சுத்தம் செய்ய வேண்டும். யார் முறையோ அவர்கள் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். வாசல் தெளித்து வளர்ந்த நமக்கு வேலை புதிதில்லை. எனக்கு மொழி வருவதற்கு முன்பே என்னைப் பற்றி அந்தக் கட்டடத்தில் ஒரு நல்ல அபிப்பிராயம் வந்தது இந்தப் பலகையால்தான்.

இட்லி அவித்தால் ஆவி சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கும். குளிர்காலத்திலும் தினம் இரண்டு மூன்று தடவை ஜன்னலை முழுசாகத் திறந்து ஐந்து நிமிடம் விட வேண்டும். ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். மிக்ஸி இரவு பத்துக்கு மேல் வேண்டாம். மின்னழுத்தம் நம் ஊர் போலத்தான், ப்ளக் முனை மட்டும் வேறு. மாவு புளிக்க, ஓவனுக்குள் விளக்கை மட்டும் போட்டு இரவு வைத்துவிடுங்கள்.

கீட்டாவில் இடம் கிடைத்தால் முதல் சில வாரம் நீங்களும் கூட உட்கார வேண்டும். ஒரு நாள் அரை மணி நேரம், அடுத்து ஒரு மணி நேரம் என்று குழந்தை பழகும்வரை மெதுவாக விடுவார்கள். மழையிலும் வெளியே விளையாட விடுவார்கள், அதற்கென்று ரப்பர் கால்சட்டை வாங்கச் சொல்வார்கள். முதல் நாள் என் மகன் சேற்றில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. அவனுக்கு வரவில்லை.

பெர்லின்வாசி

இத்தனை சொல்லிப் பயமுறுத்த வேண்டுமா? நான் நாலு வருடமாக ஆங்கிலத்தை வைத்தே ஓட்டுகிறேன். வேலை ஆங்கிலத்தில், கடை ஆங்கிலத்தில், கடிதம் வந்தால் போனில் படம் எடுத்தால் மொழிபெயர்ப்பு வந்துவிடுகிறது. மேடம், முதல் மூன்று மாதம் ஊர் சுற்றிப் பாருங்கள். மாதச் சீட்டு ஒன்று போதும். 2023இல் 49 யூரோவுக்கு ஆரம்பித்தது, அப்புறம் கூடிவிட்டது, ஆனாலும் நாடு முழுக்கப் பேருந்தும் உள்ளூர் ரயிலும் அதில் போகலாம். மொழி மெதுவாக வரட்டும்.

நெக்கார்க்கரை, பாட் கான்ஸ்டாட்

சகோ, மாதச் சீட்டு நல்ல யோசனை. மற்றதில் நான் உடன்படவில்லை. நீங்கள் வேலைக்குப் போகிறவர், பெர்லினில் இருப்பவர். எட்டு மணி நேரம் உங்களைச் சுற்றி ஆங்கிலம் பேசும் ஆட்கள் இருக்கிறார்கள். வீட்டில் இருப்பவருக்கு அது இல்லை. நான் முதல் வருடம் மொழி படிக்கவில்லை. கணவரைத் தவிர யாரோடும் முழு வாக்கியம் பேசாமல் போன நாட்கள் நிறைய. போனை எடுத்துப் படம் பிடித்தா 112இல் பேசுவது? புதிதாகக் குடிவந்தவர்களுக்கான ஒருங்கிணைப்பு வகுப்பில் 600 பாட வேளை மொழி, 100 பாட வேளை நாட்டைப் பற்றி. எனக்கு இரண்டாவது வருடம் கிடைத்த தோழிகள் எல்லோரும் அந்த வகுப்பில்தான் கிடைத்தார்கள். ஒருவர் சிரியா, ஒருவர் உக்ரைன். எங்கள் மூவருக்கும் இருந்த பொது மொழி அந்த அரைகுறை ஜெர்மன் ஒன்றுதான்.

குமரிச்செவிலி, எஸ்லிங்கன்

நானும் அவர் பக்கம்தான். தமிழருக்கு ஜெர்மன் சில இடங்களில் கைகொடுக்கும். நீ, நீங்கள் போலவே 'டூ', 'ஸீ' உண்டு, யாரிடம் எது என்று நமக்குச் சொல்லித்தர வேண்டாம். 'ஏனென்றால்' என்று தொடங்கும் வாக்கியத்தில் வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில் வரும். கணக்கு டீச்சருக்கு எண்தான் சோதனை. 24ஐ 'நாலும் இருபதும்' என்பார்கள், தொலைபேசி எண் எழுதும்போது கை தானாக 42 எழுதும்.

உங்கள் விசாவில் வேலை செய்ய அனுமதி முதல் நாளிலிருந்தே இருக்கும். ஆனால் இங்கே அரசுப் பள்ளியில் ஆசிரியராக இரண்டு பாடம் படித்திருக்க வேண்டும், ஜெர்மனும் மிக உயர்ந்த அளவில் வேண்டும். அது சில வருட வேலை. அதற்குள் கணக்குத் தனிவகுப்பு, பள்ளிக்குப் பிந்தைய காப்பகம் என்று வழிகள் இருக்கின்றன. பட்டச் சான்றிதழ் மட்டும் போதாது, எந்தப் பாடம் எத்தனை மணி நேரம் என்ற விவரத் தாளையும் கல்லூரியில் வாங்கி வாருங்கள். அங்கிருந்து வாங்குவதுதான் எளிது.

கொங்குத்தமிழ், போப்லிங்கன்

ஓட்டுநர் உரிமம் வைத்திருந்தால் ஒரு வார்த்தை. நம் உரிமம் குடிவந்த நாளிலிருந்து ஆறு மாதம்தான் செல்லும். அப்புறம் எழுத்துத் தேர்வும் ஓட்டும் தேர்வும் இங்கே எழுத வேண்டும். எழுத்துத் தேர்வை ஆங்கிலத்தில் எழுதலாம், தமிழில் இல்லை.

பொன்மலைக்காரி, ஸ்டுட்கார்ட்

வந்து ஏழு வாரம் ஆகிவிட்டது. எழுத வேண்டும் என்று தினமும் நினைப்பேன்.

அஞ்சல் பெட்டியில் முதல் நாளே மூன்று பெயரையும் தாளில் எழுதி ஒட்டினோம். பத்து நாளில் வீட்டு நிர்வாகத்தார் அழகான தகடு செய்து மாற்றிவிட்டார்கள். நெக்கார்க்கரை அக்கா சொன்னபடி கீழ்வீட்டில் சாவி கொடுத்தாயிற்று. பதிவு முடிந்து மூன்றாவது வாரம் முதல் கடிதம் வந்தது, எனக்கு இல்லை, மகளுக்கு! அவளுக்கு வரி எண் வந்திருக்கிறது, பதினோரு இலக்கம். கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்கினாள்.

கஷ்டம் இல்லாமல் இல்லை. அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினார்கள். ஊருக்கும் இங்கேக்கும் மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆகிவிட்டது. மகளைத் தூங்கவைத்துவிட்டு அம்மாவிடம் பேசலாம் என்றால் அங்கே நடு இரவு. மாலை ஐந்து மணிக்குள் இருட்டிவிடுகிறது, டிசம்பரில் இன்னும் சீக்கிரமாம். அந்த நேரத்தில்தான் வீடு நினைவு வருகிறது. கீட்டாவில் இன்னும் இடம் இல்லை, மூன்று இடத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதுவரை தினமும் அவளோடு விளையாட்டுத் திடலுக்குப் போகிறேன். மாலை மொழி வகுப்பில் சேர்ந்துவிட்டேன், 24ஐ 42 என்றுதான் எழுதுகிறேன்.

போன வாரம் எங்கள் கதவில் பலகை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கே வாளியோடு இறங்கிப் படிக்கட்டைக் கழுவினேன். கீழ்வீட்டு அம்மா இரவு உடையோடு வெளியே வந்தார். கோபமில்லை. கைக்கடிகாரத்தைக் காட்டி, ஒன்பது, ஒன்பது என்றார். அப்புறம் ஒன்பது மணிக்கு அவரே வந்து, நிலவறைப் படிகளும் இதில் சேர்த்திதான் என்று கூட்டிப்போய்க் காட்டினார்.

ஒரு கேள்வி. பனி பெய்தால் நடைபாதையும் பலகைக்காரர் வேலையா?

நெக்கார்க்கரை, பாட் கான்ஸ்டாட்

ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், எங்கள் கட்டடத்தில் ஆமாம். வேலை நாளில் காலை ஏழு மணிக்குள் வழி ஒதுக்கியிருக்க வேண்டும், யாராவது வழுக்கி விழுந்தால் பொறுப்பு நம்முடையது. உப்பு போடாதீர்கள், பல ஊர்களில் தடை இருக்கிறது. பொடிக்கல் தூவினால் போதும். எங்களிடம் பனி அள்ளும் மண்வாரி ஒன்று கூடுதலாக இருக்கிறது. ஞாயிறு மத்தியானம் மகளோடு சாப்பிட வாருங்கள், போகும்போது எடுத்துக்கொண்டு போகலாம்.